நல்ல தண்ணி வரிசை

ஊறிய பச்சைப்பயறுக்கு ஒரு வாசனை உண்டு. சுண்டலுக்கு ஊறப்போட்டதை மறந்துவிட்டு மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தால் வருமே, அதுதான். பச்சையும் புளிப்புமாக, கொஞ்சம் அழுகல் தொட்டு. அதோடு ஈர மண்ணும் சேர்ந்துவிட்டால் நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டில் நான் பயறு முளைகட்டியதே இல்லை. மாமியார் ஏன் என்று கேட்டால் "வாயு அத்தை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

நாலாம் வகுப்பு அறிவியல் பாடத்திடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. போன வாரம் என் மகள் பத்து நாளுக்குக் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பயறை ஒரு கப்பில் ஊன்ற வேண்டும், தினமும் ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்து எழுத வேண்டும், கடைசியில் கட்டத்தாளில் கோடு வரைய வேண்டும். சமையலறை ஜன்னலில் கப் வந்து உட்கார்ந்தது. வாசனையும் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஒரு வீட்டில் ஐந்தாம் நாளே செடி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டு முளை கொக்கி மாதிரி வளைந்து இன்னும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தாவரவியல் படித்தவள் என்றுதான் பெயர். ஆனாலும் கப்பைக் கிழக்கே வைத்தேன், பிறகு தெற்கே வைத்தேன், தண்ணீர் கூடிவிட்டதோ என்று பயந்து ஒருநாள் ஊற்றாமல் விட்டேன், ஊற்றாமல் விட்டதற்குப் பயந்து மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றினேன். ஒரு பயறுக்கே இந்தப் பாடு என்றால் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் மகள் ஸ்கேலோடு வந்து நின்றாள். "அம்மா, நேத்தைக்கும் மூணு புள்ளி ரெண்டு, இன்னைக்கும் மூணு புள்ளி ரெண்டு. கொஞ்சம் கூட்டி எழுதட்டா? மிஸ் ஏசுவாங்க."

"உள்ளதை எழுது" என்று சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு. நான் போட்ட சத்தத்தில் பிள்ளை அழுதுவிட்டாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, "ரெண்டு மில்லிமீட்டர் கூட்டி எழுதுனா கப்பலா கவுந்துரும்? கப்பலைப் பத்தி எனக்குத் தெரியும், கவுறாது" என்றார். மகள் அழுகையோடு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஜெசிந்தா ஞாபகம் வந்துவிட்டது.

ஜெசிந்தா தருவைகுளத்துக்காரி. அப்பா கடல்தொழில். பி.எஸ்சி. தாவரவியலில் மூன்று வருஷம் என்னோடு படித்தாள். நான் நாசரேத் பக்கம். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். தூத்துக்குடிக்கு வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். முதல் பெஞ்ச், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, நோட்டுக்கு பிரவுன் அட்டை. ஜெசிந்தா கடைசி பெஞ்ச், ஏனென்றால் அவள் பஸ் வந்து சேர்வதற்குள் மற்ற பெஞ்செல்லாம் நிறைந்திருக்கும். எங்கள் இரண்டு பேரையும் கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு ஒன்றாகப் போட்டார்கள். அகர வரிசைப்படி போட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை.

உப்புத் தண்ணீரில் பச்சைப்பயறு எவ்வளவு வளரும் என்பதுதான் புராஜெக்ட். டீ டம்ளர் உயரத்தில் மண்தொட்டிகள் இருந்தன. ஆளுக்குப் பதினெட்டு, மூன்று வரிசை. முதல் வரிசை கண்ட்ரோல், அதில் உப்பே கிடையாது. இரண்டாவது வரிசைக்குப் பத்துப் பங்கில் ஒரு பங்கு கடல் தண்ணி, மூன்றாவதுக்கு இரண்டு பங்கு. தினமும் ஊற்ற வேண்டும், அளக்க வேண்டும். எங்கள் கைடு மேடம் கண்டிப்பானவர், ஆனால் மோசமானவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவர் மேல் பாரத்தைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "டிஸ்டில்டு வாட்டர் யூனிட் ரிப்பேர்ல கிடக்கு. கண்ட்ரோலுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க, போதும். கடல் தண்ணியைக் கலக்குறதுக்கும் அதே நல்ல தண்ணிதான்."

இரண்டு பேரும் கேட்டோம். இரண்டு பேரும் தலையாட்டினோம். நோட்டில் 'ந.த.' என்று சுருக்கி எழுதிக்கொண்டது நான்தான். ஜெசிந்தா அதைப் பார்த்து அப்படியே எழுதினாள்.

அன்றைக்கே மேடம் இன்னொன்றும் சொன்னார். கடலுக்கடியில் கடல்புல் நட்டு வளர்க்கிற ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குக் களப்பணிக்கு ஒரு ஆள் கேட்டிருக்கிறார்கள், புராஜெக்ட் நன்றாகச் செய்கிறவருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பேன் என்றார். கடிதம் ஒன்றுதான். வெளியே வந்ததும் ஜெசிந்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கடலுக்குள்ள போயிப் புல்லு நடணுமாம், அதுக்குச் சம்பளம் வேற குடுக்காவளாம். எங்கப்பா சும்மாவே எறக்கி விடுவாரு." பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். பிறகு மெதுவாக, "எனக்கு அது கெடைக்கணும்ளா" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் எதையும் வேண்டும் என்று சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கும் அது வேண்டும்தான். எனக்கு நீந்தத் தெரியாது, படகில் ஏறியது கிடையாது, மீன் முள் எடுக்கவே அம்மா வேண்டும். ஆனால் ஒரு கடிதம் இருக்கிறது என்றால் அது எனக்கு வர வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படி வளர்ந்துவிட்டேன், பரிசு எதுவாக இருந்தாலும் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டாக வேண்டும்.

தொட்டிகள் மொட்டை மாடியில் இருந்தன. அவளுடையவை ஒரு மூலையில், என்னுடையவை எதிர் மூலையில். அவள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடிக்குப் போவாள். நான் விடுதிக்காரி, சாயங்காலம் வகுப்பு விட்டதும் போவேன். சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக நிற்போம். நான் அளக்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஸ்கேலின் ஓரத்தில் பூஜ்யத்துக்கு முன்னால் விடுகிற வெற்றிடத்தைப் பிளேடால் அறுத்து எடுத்திருந்தேன். ஒவ்வொரு செடியையும் மூன்று முறை அளந்து நடுவிலுள்ளதை எழுதுவேன். "ஏளா, செடிக்கு ஜாக்கெட்டா தைக்கப் போற?" என்பாள் ஜெசிந்தா. அவள் செடிக்குப் பக்கத்தில் குனிந்து "எட்டரை" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஸ்கேலை வைப்பாள். எட்டரை இருக்கும். வலைக்கண்ணை விரலால் அளந்து பழகின வீடு. எனக்கு எரிச்சலாக வரும்.

இன்னொரு எரிச்சல் அவளுடைய தண்ணீர் பாட்டில். கலர் பானம் வருகிற இரண்டு லிட்டர் பாட்டிலை வீட்டிலிருந்து நிறைத்துக் கொண்டுவருவாள். பை ஒரு பக்கமாகத் தொங்கும். மாடியேறிய மூச்சு வாங்கலில் ஒரு வாய் கேட்டால் "அது எனக்கில்லளா" என்று நகர்த்தி வைத்துவிடுவாள். தனக்கே இல்லாத தண்ணீரை எதற்குச் சுமக்கிறாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கஞ்சம் என்று விடுதித் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

நான் லேப் குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடித்துக் கொண்டுபோவேன். தெளிவான தண்ணீர், தூசி தும்பு இருக்காது. பக்கெட்டில் சாக்பீஸால் 'ந.த.' என்று எழுதியிருந்தேன்.

பத்தாம் நாள் வாக்கில் அவளுடைய முதல் வரிசை என்னுடையதைவிட நல்ல உயரம் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு சனிக்கிழமை அந்த ஆறு தொட்டிக்கு முன்னால் நின்று பொறாமைப்பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெயில் அவள் பக்கம் விழுகிறது, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது முக்கியம். நான் பார்த்தேன்.

பதினான்கு நாள் முடிந்ததும் செடிகளைப் பிடுங்கி எறிந்தோம். எடை போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, ஆனால் தராசும் ரிப்பேர். நோட்டில் இருந்த எண்கள்தான் மிச்சம். அதை வைத்து சராசரி எடுத்து கிராஃப் வரைகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். என் மூன்று வரிசைக்கும் நீலக் கோடு, அவள் மூன்று வரிசைக்கும் சிவப்புக் கோடு. இரண்டு பேரும் செய்தது ஒரே சோதனை, அதனால் நீலமும் சிவப்பும் ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். நல்ல தண்ணியோடு நல்ல தண்ணி, ஒரு பங்கோடு ஒரு பங்கு, அப்படி.

போகவில்லை. என் நல்ல தண்ணிக் கோடு அவளுடைய இரண்டாவது கோட்டின் மேல் கிட்டத்தட்ட அப்படியே படுத்திருந்தது. என் இரண்டாவது கோடு அவளுடைய மூன்றாவதின் மேல். அவளுடைய முதல் கோடு மட்டும் மேலே தனியாக ஏறிப் போயிற்று. என் மூன்றாவது கீழே தனியாகத் தவழ்ந்தது. ஆறு கோடு வரைந்த தாளில் நாலு கோடுதான் தெரிந்தது. நான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று பயந்து திரும்பத் திரும்பக் கூட்டினேன். கூட்டல் சரி. தாளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். ஜெசிந்தாவிடம் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு அவள் மாடியில்தான் இருந்தாள். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், தோன்றியது, போகவில்லை.

மேடம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் நோட்டில் ஒரு அடித்தல் கிடையாது. அவள் நோட்டில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது, பஸ் வராத ஒருநாள் கட்டம் காலியாக இருந்தது.

"உன் ரீடிங்கைப் பாத்து எழுதியிருக்கா" என்றார். "அப்படியே எழுதுனா மாட்டிக்குவோம்னு ஒரு வரிசை தள்ளிப் போட்டிருக்கா. மேல ஒரு வரிசை குறைஞ்சுபோச்சுல்லா, அதுக்குக் கையில இருந்து போட்டிருக்கா."

அந்தத் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறு எப்படியும் நினைக்க முடியாது. இப்போதுகூட நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேருந்து வந்துது?"

"தொட்டிலருந்துதான் மேடம்."

"கண்ட்ரோலுக்கு என்ன ஊத்துன?"

"நல்ல தண்ணி."

என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நல்ல தண்ணிதான் மேடம்."

"ஒரே விதை, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. ஒருத்தி செடி மட்டும் எப்படி ஒன்றரை மடங்கு வளரும்?"

"அது எனக்குத் தெரியாது மேடம். வளந்துச்சு. இவகிட்ட கேளுங்க. இவளும் சனிக்கிழமை நின்னு பாத்தா."

மேடம் என்னைப் பார்த்தார். "பாத்தியா?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, தாள்கள் படபடத்தன. நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். பார்த்தேன் என்று சொன்னால் அவள் எண் சரி என்று ஆகும். அவள் எண் சரி என்றால் என் எண்ணில் ஏதோ கோளாறு. கோளாறு என்றால் கடிதம் இல்லை, அப்பாவுக்குப் போன் போகும். இத்தனையும் நினைக்க ஒரு நொடி போதுமாக இருந்தது.

"சரியா கவனிக்கலை மேடம்" என்றேன்.

ஜெசிந்தா "ஏளா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் தெரியாமல் காலை மிதித்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். மேடம் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'அன்ரிலையபிள்', நம்ப முடியாதது, என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். புராஜெக்ட்டுக்குத் தேற வேண்டிய மார்க் மட்டும் போட்டார். என் எண்களை மட்டும் வைத்து அறிக்கையை முடிக்கச் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பயந்தாங்கொள்ளி என்பதோடு போயிருக்கும். இரண்டு நாள் கழித்துத் தொட்டிகளைக் கழுவி ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா கல்லூரிக்கே வரவில்லை, அதனால் முப்பத்தாறையும் நான்தான் கழுவினேன். மண்ணைக் கொட்டிவிட்டு வரிசையாக வெயிலில் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன். உப்பு ஊற்றிய தொட்டிகளின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் என் முதல் வரிசையிலும் பூத்திருந்தது. அவளுடைய முதல் வரிசைத் தொட்டிகள் ஆறும் சூளையிலிருந்து எடுத்த மாதிரி சிவப்பாக இருந்தன.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கீழே லேபுக்கு இறங்கிப் போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். அதுவும் கரித்தது. மூன்று வருஷம் அந்தக் குழாயில் கை கழுவியிருக்கிறேன், டெஸ்ட் டியூப் கழுவியிருக்கிறேன். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம், நான் சட்டத்தை மீறினதே கிடையாது.

தூத்துக்குடியில் பிறந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி. லாரியில் வருவது, குடத்தில் பிடித்துத் தனியாக மூடி வைப்பது. குழாயில் வருவது உப்புத் தண்ணி, போர் தண்ணி, அது குளிக்கவும் துவைக்கவும். மேடமும் அந்தப் பொருளில்தான் சொன்னார், ஜெசிந்தாவும் அந்தப் பொருளில்தான் கேட்டாள். எங்கள் வீட்டுக் கிணற்றில் எல்லாத் தண்ணியும் குடிக்கிற தண்ணி. எங்களுக்குக் கலங்கினால் கெட்ட தண்ணி, தெளிந்தால் நல்ல தண்ணி. விடுதியில் சோப்பு நுரைக்காது என்று மூன்று வருஷம் புலம்பியவள்தான். ஆனாலும் கடல் தண்ணிக் கேனுக்குப் பக்கத்தில் வைத்ததும், கடல் அல்லாதது எல்லாம் எனக்கு நல்ல தண்ணி ஆகிவிட்டது. அதைத்தான் கலக்கவும் ஊற்றினேன். என் மூன்று வரிசையும் ஒரு படி உப்பில் கீழே இறங்கிவிட்டன. ஒரு வரிசை தள்ளிப் போட்டது நான்.

அந்த இரண்டு லிட்டர் பாட்டிலும் அப்போதுதான் புரிந்தது.

மேடம் அறைக் கதவு திறந்திருந்தது. லேபிலிருந்து பத்து எட்டு வைத்தால் போதும். நான் மறுபடியும் மாடிக்குப் போனேன். தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன். மண்தொட்டியில் பூத்த உப்பு லேசில் போகாது, நகக்கண் எரிய எரியத் தேய்த்தேன். அறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி சொன்னாலும் மாற்ற முடியாது என்று நினைத்தேன். ஜெசிந்தாவே வரவில்லை, அவளுக்கே அக்கறை இல்லை என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். சாயங்காலத்துக்குள் முப்பத்தாறு தொட்டியும் ஒரே சிவப்பு ஆகிவிட்டது.

கடிதம் எனக்கு வந்தது. அறிக்கையில் வடிவமைப்பு அழகாக இருக்கிறது என்று வைவாவுக்கு வந்தவர் சொன்னார்.

கடல்புல் திட்டத்தில் எட்டு மாதம் இருந்தேன். முதல் நாள் படகில் ஏறி, துறைமுக விளக்கு கண்ணில் இருக்கும்போதே வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். இரண்டாவது நாள், மூன்றாவது நாள், அப்படியே. படகுக்கார அண்ணாச்சி, "யம்மா, நீ கரையில இருந்தே கும்புட்டுக்கோ, புல்லு வளந்துரும்" என்றார். பிறகு என்னைக் கரையிலேயே ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் அளந்து கொண்டுவருகிற எண்களை நான் கட்டத்தில் ஏற்றுவேன். எட்டாம் மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று, நின்றுகொண்டேன். அந்த இடத்தில் ஜெசிந்தா இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நான் யோசிக்காத வாரம் இல்லை. யோசிப்பதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

மகளை அழவிட்ட அந்தக் காலையில் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஜெசிந்தாவின் நம்பரைத் தேடினேன். இத்தனை வருஷத்தில் அவள் அதில் இல்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. மணப்பாட்டில் இருக்கிற ஒரு தோழி நம்பர் அனுப்பினாள், "நண்டு கம்பெனியில இருக்கா, மத்தியானம் ஒரு மணிக்குப் பேசு" என்று. இரண்டு நாள் அந்த ஒரு மணி வந்து போயிற்று. மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

குரல் மாறவே இல்லை. என்னை உடனே தெரிந்துகொண்டாள். நண்டுச் சதை பிரித்து டப்பாவில் அடைக்கிற இடத்தில் தராசில் நிற்கிறாளாம். இரண்டு பிள்ளைகள். "நான் எடை போட்டுச் சொல்லுவேன், எழுதுதது இன்னொருத்தி" என்றாள். ஏன், உனக்குத்தான் கண்ணாலேயே தெரியுமே என்றேன்.

"அதெல்லாம் போச்சுளா. நான் பொய் எழுதலைன்னு எனக்குத் தெரியும். ஆனா தப்பா அளந்துட்டமோன்னு ஒரு இது. மூத்தவ கைப்பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல் பாத்தா, எங்க வீட்டுக்காரரை எழுப்பி இன்னொருக்கப் பாக்கச் சொல்லுவேன். எனக்கு நூத்தி ரெண்டுன்னு தெரியும். இருந்தாலும் அவரு சொல்லணும்."

அதற்குப் பிறகுதான் சொன்னேன். குழாய், பக்கெட், தொட்டியில் பூத்த உப்பு, தேங்காய் நார், எல்லாம். மன்னித்துவிடு என்பதையும் நடுவில் எங்கேயோ சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எங்கம்மை அந்தத் தண்ணிக்கு என்ன ஏச்சு ஏசினா தெரியுமா?" என்றாள் கடைசியில். "பதினாலு நாளும். குசினியில நல்ல தண்ணி ரெண்டு குடந்தான் இருக்கும். 'குடிக்கத் தண்ணியக் கொண்டுபோயி மண்ணுல ஊத்துதியே, நீ விளங்குவியா'ன்னு. மேடம் சொன்னாவ மேடம் சொன்னாவன்னு நான் கொண்டாந்தேன்."

நான் அழுதேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னளா செய்ய? அங்கனல்லா எழுதி வச்சிருக்காவ. அங்கன போயிச் சொல்லு. சொல்லுதது இல்ல, எழுதிக் குடு." பெல் அடித்தது. "வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே எழுதினேன். நாலு பக்கம். தண்ணீரைப் பற்றி, கிராஃபைப் பற்றி, நான் பார்த்ததையும் பார்க்கவில்லை என்று சொன்னதையும். நேற்று மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் வழி தவறிவிட்டதோ என்று நினைத்தேன். எங்கள் லேப் இருந்த கட்டடம் இல்லை. மாடியும் இல்லை. அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு ஸ்கூட்டிகள் நிற்கின்றன. ஆபீசில் ஒரு பெண் இருந்தாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், நல்ல மாதிரி. சேர ஆள் இல்லாமல் தாவரவியல் துறையை மூடி நாலு வருஷம் ஆகிறது என்றாள். அந்தப் புத்தகங்கள் எங்கே, நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். பழைய ரெக்கார்டையெல்லாம் கட்டடம் இடிக்கும்போதே பேப்பர் மில்லுக்கு அரைக்க அனுப்பிவிட்டார்களாம். மேடம் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, ரிட்டையராகி மறு வருஷமே தவறிவிட்டார் என்றாள்.

"யாருக்குக் குடுக்கணும்னு போட்டிருக்கீங்க அக்கா?" என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். துறைத் தலைவர் என்று போட்டிருந்தேன். "அப்படி யாரும் இல்லையே. முதல்வருக்குப் போடலாம், ஆனா புது ஆளு. உங்க ரெண்டு பேரையும் அவங்களுக்குத் தெரியாது. எந்த நோட்டைத் திருத்தச் சொல்லி எழுதுறீங்கன்னு கேப்பாங்க."

சிவப்பு மையில் எழுதியிருந்த அந்தப் பக்கம் இல்லை. அதற்கு முந்தின பக்கங்களில் பதினான்கு நாளாக அவள் சரியாக எழுதியிருந்த உயரங்களும் இல்லை. இன்னும் மாறாமல் இருப்பது ஜெசிந்தாவின் மார்க் பட்டியலில் உள்ள ஒரு எண் மட்டும்தான், அது அவள் வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

ராத்திரி கடிதத்தைப் புதுத் தாளில் மறுபடி எழுதினேன். அனுப்புநர் என்று போட்டு என் பெயர், படிப்பு, முகவரி. அதற்குக் கீழே பெறுநர் என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். காலையில் ஜெசிந்தா ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள், "குடுத்துட்டியா?" என்று. இன்னும் பதில் போடவில்லை. பெறுநருக்குக் கீழே யார் பெயரையாவது எழுதிவிட்டுத்தான் அவளுக்குப் பதில் போட வேண்டும்.